வீட்டு நாஸைச் சுருக்க: முதலில் பேக்கப், அப்புறம் ஸ்க்ரூ டிரைவர்

கல்யாண ஃபோட்டோகிராஃபர், வீடியோ எடிட்டர், ஆடிட்டர் என்று வீட்டிலிருந்தே தொழில் செய்யும் பலரின் மேசைக்கடியில் ஒரு நாஸ் (நெட்வொர்க் வழியே கோப்புகளைச் சேமிக்கும்) பெட்டி ஓடிக்கொண்டிருக்கும். வாங்கும்போது ஆசையாக நாலு டிஸ்க் போட்டிருப்பார்கள். சில வருடம் கழித்துப் பார்த்தால் பாதி இடம் காலி; டிஸ்க்குகளுக்கோ வயதாகிவிட்டது. சூடும் சத்தமும் கரன்ட் பில்லும் வேறு. நாலை இரண்டாக்குவது நல்ல முடிவுதான். ஆனால் வரிசை மாறிச் செய்தால் வாடிக்கையாளர் நம்பிக் கொடுத்த கோப்புகள் ஒரே நாளில் போய்விடும்.

கணக்கைப் போடுங்கள்

4 டி.பி. டிஸ்க் நான்கு, பல டிஸ்க்கை ஒன்றாகச் சேர்க்கும் ரெய்டு முறையில் ரெய்டு 5 என்று வைத்துக்கொள்வோம். ஒரு டிஸ்க் அளவு இடம் பாதுகாப்புக்குப் போக, மிச்சம் 12 டி.பி. அதையே இரண்டு டிஸ்க்கில் ரெய்டு 1 ஆக்கினால், ஒன்றில் இருப்பதுதான் மற்றதிலும் இருக்கும். கிடைப்பது 4 டி.பி.; திரையில் சுமார் 3.6 என்றே காட்டும். ஆகவே கோப்புகள் 3 டி.பி.க்குள் அடங்கினால் மட்டும் இறங்குங்கள்.

அடங்கவில்லையா? ரெண்டர் கேஷ், பிரிவியூ, இரண்டு மூன்று இடத்தில் கிடக்கும் அதே ஃபோல்டர் ஆகியவற்றில் கை வையுங்கள். டெலீட் செய்தும் இடம் கூடவில்லை என்றால் ரீசைக்கிள் பின்னையும் பழைய ஸ்னாப்ஷாட்களையும் பாருங்கள். அழித்த கோப்பை அவை பிடித்து வைத்திருக்கும். இனிமேல் கொட்டேஷனிலேயே ஒரு வரி சேருங்கள்: ஒரிஜினல் கோப்புகளை எத்தனை மாதம் வைத்திருப்போம் என்று. எதை அழிக்கலாம் என்ற குழப்பம் அதோடு தீரும்.

ரெய்டு பேக்கப் ஆகாது

ஒரு டிஸ்க் செத்தால் வேலை நிற்காமல் ஓடவைப்பதுதான் ரெய்டு. தப்பாக டெலீட் செய்தாலும், ரேன்சம்வேர் புகுந்தாலும், இடி இறங்கினாலும், பெட்டியே திருடுபோனாலும் எல்லா டிஸ்க்கும் சேர்ந்தே போகும். அதனால்தான் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பரப்பிய 3-2-1 விதியைப் பிடித்துக்கொள்ள வேண்டும்: மூன்று காப்பி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வீட்டுக்கு வெளியே.

நேரடியாகச் சுருக்க முடியுமா?

பெரும்பாலும் முடியாது. சைனாலஜி பெட்டிகளில் ஸ்டோரேஜ் பூலைப் பெரிதாக்கலாம், சிறிதாக்க வழியில்லை. இசட்.எஃப்.எஸ். ஃபைல் சிஸ்டத்தின் ரெய்டு-இசட்டிலும் டிஸ்க்கைக் குறைக்க முடியாது. லினக்ஸில் எம்டிஏடிஎம் ரெய்டு மேல் எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டம் இருந்தால் முடியும். அங்கேயும் முதலில் ஃபைல் சிஸ்டத்தைச் சுருக்கிவிட்டுத்தான் ரெய்டைச் சுருக்க வேண்டும். மாற்றிச் செய்தால் கடைசிப் பகுதியில் இருக்கும் கோப்புகள் அறுபட்டுப்போகும். ஆகவே பலருக்கும் ஒரே வழி: முழுவதையும் வெளியே எடுத்து, பழையதைக் கலைத்து, புதிதாகக் கட்டி, திரும்ப ஏற்றுவது.

இதில் ஆசைகாட்டும் குறுக்குவழி ஒன்று உண்டு. ரெய்டு 5-லிருந்து ஒரு டிஸ்க்கை உருவி, அதிலேயே காப்பி எடுத்துவிடலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். உருவிய நொடியிலேயே பாதுகாப்பு போய்விடுகிறது. மிச்சமுள்ள வயதான டிஸ்க்குகளை மணிக்கணக்கில் படிக்கும்போது இன்னொன்று சாய்ந்தால் எல்லாமே காலி. வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றை வாங்குங்கள், அல்லது இரவல் வாங்குங்கள்.

வேலை வரிசை

1. ஒவ்வொரு டிஸ்க்கின் நலத்தைச் சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையையும் பாருங்கள். 'ரீஅலொகேட்டட்', 'பெண்டிங்' செக்டர் எண்ணிக்கை ஏறியிருக்கும் டிஸ்க்கைப் புதிய ஜோடியில் சேர்க்க வேண்டாம்.

2. வெளி டிஸ்க்கில் முழுக் காப்பி எடுங்கள். கிகாபிட் நெட்வொர்க்கில் நொடிக்கு 110 எம்.பி. போனாலே 3 டி.பி.க்கு ஏழரை மணி நேரம் ஆகும்; சின்னச் சின்னக் கோப்புகள் என்றால் இன்னும் இழுக்கும். சனி, ஞாயிறை ஒதுக்குங்கள். பெட்டி யு.பி.எஸ்.ஸில் இருக்கட்டும்.

3. மறுபடி எடுக்கவே முடியாத கோப்புகளுக்கு இரண்டாவது காப்பி, கிளவுடில்.

4. மூலத்தையும் காப்பியையும் செக்சம் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் எண்) வைத்து ஒப்பிடுங்கள். பிறகு நாஸை அணைத்துவிட்டு, வேறு கம்ப்யூட்டரில் அந்தக் காப்பியிலிருந்து ஒரு முழு வேலையைத் திறந்து பாருங்கள்.

5. யூசர் கணக்குகள், அனுமதிகள், செட்டிங்ஸ் ஆகியவற்றையும் தனியாகச் சேமியுங்கள்.

6. இதெல்லாம் முடிந்த பிறகுதான் பழையதைக் கலைப்பது.

நாலாவது படியைத் தாண்டிவிடத் தோன்றும். தாண்டாதீர்கள்; சோதிக்காத பேக்கப் என்ன செய்யும் என்பதற்கு ஓர் உதாரணம். 2017 ஜனவரி 31 அன்று மென்பொருள் கோடைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர், வேறு சர்வர் என்று நினைத்து முதன்மை டேட்டாபேஸை அழித்துவிட்டார். தினசரி பேக்கப்பைத் தேடினால், மென்பொருள் பதிப்பு பொருந்தாமல் அது தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் யாருக்கும் வந்து சேரவில்லை. தற்செயலாக எடுத்திருந்த ஒரு ஸ்னாப்ஷாட் காப்பாற்றியது. அப்படியும் சுமார் ஆறு மணி நேரத் தரவு போனது போனதுதான். உங்கள் நாஸ் அனுப்பும் எச்சரிக்கை மெயில் உங்கள் இன்பாக்ஸுக்கு உண்மையிலேயே வருகிறதா என்று இன்றே சோதியுங்கள்.

மிஞ்சிய இரண்டு டிஸ்க்

இவை வெறும் உபரி இல்லை. உங்களிடம் இதுவரை இல்லாத பேக்கப் இவைதான். நல்ல நிலையில் இருந்தால் யு.எஸ்.பி. கேஸில் போட்டு, கடவுச்சொல்லோடு என்கிரிப்ட் செய்யுங்கள். ஒன்று உங்கள் பீரோவில், மற்றது அண்ணன் வீட்டிலோ மாமனார் வீட்டிலோ. மாதம் ஒருமுறை இரண்டையும் மாற்றிக்கொள்ளுங்கள். விற்பதாக இருந்தால் முழுதாக மேலெழுதி அழித்த பிறகே கொடுங்கள். வெறும் ஃபார்மேட் போதாது, உள்ளே இருப்பது அடுத்தவர் வீட்டுப் படங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை காலண்டரில் ஒரு நாள் குறியுங்கள். ஒவ்வொரு காப்பியிலிருந்தும் ஒரு பழைய வேலையைத் திருப்பி எடுத்துத் திறந்து பாருங்கள். திறந்தால்தான் அது பேக்கப். அதன் பிறகு "என் கோப்பு பத்திரமாக இருக்கிறதா?" என்று எந்த வாடிக்கையாளர் கேட்டாலும் தயங்காமல் பதில் சொல்லலாம்.