எரிக்கச் சொன்ன கடிதம்

ஆங்கில நாவலின் இரு பெரும்புள்ளிகள் சார்லஸ் டிக்கன்ஸும் தாக்கரேயும். இவர்கள் முகம் கொடுத்துப் பேசாமல் போனது எதனால் தெரியுமா? ஒரு சின்னப் பத்திரிகைக் கட்டுரையால்!

1858 ஜூனில், தபால் இலாகாவில் வேலை பார்த்துக்கொண்டே பத்திரிகைக்கும் எழுதிவந்த எட்மண்ட் யேட்ஸ் என்ற 26 வயது இளைஞர், 'டவுன் டாக்' இதழில் தாக்கரேயைக் கொஞ்சம் காரமாகவே வர்ணித்துவிட்டார். இருவரும் லண்டன் கேரிக் கிளப் உறுப்பினர்கள். கிளப்பில் பழகியதை வைத்து எழுதுவதா என்று தாக்கரேவுக்குக் கோபம். கமிட்டியிடம் போனார். யேட்ஸ் மன்னிப்புக் கேட்கவில்லை. கிளப்பை விட்டு நீக்கினார்கள். ஒரு கட்டுரைக்கு இது ரொம்ப அதிகம்தான்.

நவம்பர் 24-ல் தாக்கரேவுக்கு டிக்கன்ஸ் ஒரு அந்தரங்கக் கடிதம் எழுதினார். யேட்ஸுக்கு யோசனை சொன்னது தான்தான் என்று அதில் ஒப்புக்கொண்டார். தானும் தாக்கரேயின் நண்பர் ஒருவரும் உட்கார்ந்து சமாதானமாகப் பேசி முடிக்கலாமா என்று கேட்டார். முடியாதென்றால் இதை நீங்கள் எரித்துவிடுங்கள், உங்கள் பதிலை நான் எரித்துவிடுகிறேன் என்றும் சொல்லியிருந்தார்.

தாக்கரே என்ன செய்தார்? விவகாரம் கமிட்டி கையில் இருக்கிறது என்று பதில் போட்டுவிட்டு, கடிதத்தின் முக்கியமான வரிகளை அப்படியே எடுத்துக் கமிட்டிக்கே எழுதிவிட்டார்! கமிட்டியை மீறித் தனியாகப் பேச முடியாது என்ற அவர் வாதம் நியாயம்தான். ஆனால் நம்பி எழுதிய வரிகளை நாலு பேர் முன்னால் வைத்ததை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. பிற்பாடு அது அச்சிலும் வந்துவிட்டது.

1863-ல்தான் இருவரும் மறுபடி கைகுலுக்கினார்கள். அந்த டிசம்பரிலேயே தாக்கரே காலமானார். அவருக்கு அஞ்சலிக் கட்டுரை எழுதியவர் டிக்கன்ஸ்.