முதல் எண்ணமே முடிவாகும்போது

கேள்வி: வயற்குடிலில் தரையில் பாய் விரித்துப் படுத்திருந்த என் வாப்பாவுக்கு விடியப்புறம் வயிறு முறுக்கி வலித்தது. பக்கத்து ஆஸ்பத்திரியில் ‘கேஸ்ட்ரிக்’ என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். காலையில் கண் இமைகள் சரிந்தன, பேச்சும் குழறியது. பெரிய ஆஸ்பத்திரியில்தான் கட்டுவிரியன் கடித்திருப்பதைக் கண்டுபிடித்து, செயற்கைச் சுவாசம் கொடுத்துக் காப்பாற்றினார்கள். படித்த டாக்டருக்கு இது எப்படித் தெரியாமல் போனது?
— வாசகி, கலேவெல

பதில்: வாப்பா வீடு திரும்பியது பெரிய ஆறுதல். உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அந்த டாக்டர் கட்டுவிரியனைப் பற்றிப் படித்தேயிருப்பார். படித்தது அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

வயிற்றுவலியோடு வருகிறவர்களில் பெரும்பாலானோருக்கு வயிற்றில்தான் கோளாறு. நூறு தடவை பலித்த ஊகம் அடுத்த தடவையும் பலிக்கும் என்று மனம் நம்பிவிடும். முதலில் தோன்றிய நோய்ப்பெயரோடு தேடல் நின்றுவிடும். கனடாவின் அவசர மருத்துவர் பாட் குரொஸ்கெரி இத்தகைய மனச்சறுக்கல்களைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். இரவு முழுக்கக் கண்விழித்த களைப்பும், வாசலில் நீளும் வரிசையும் சறுக்கலை மோசமாக்கும். டாக்டருக்குத் தமிழும் நோயாளிக்குச் சிங்களமும் சரளமாக வராவிட்டால், ‘எங்கே படுத்திருந்தீர்கள்?’ என்ற கேள்வியே எழாமல் போகலாம்.

கட்டுவிரியன் விஷயத்தில் அந்தக் கேள்விதான் உயிர். தூக்கத்தில் கடிக்கும், வலியும் வீக்கமும் இருக்காது, பல்தடம்கூடத் தெரியாமல் போகும். கண்ணாடி விரியன் கடியைக் காட்டிக்கொடுக்கும் இரத்த உறைவுச் சோதனையும் இதில் வழக்கமாகச் சரியாகவே வரும். மாரடைப்பிலும் இதே ஆபத்து உண்டு. சீனி வருத்தக்காரருக்கு அது மேல்வயிற்று எரிச்சலாக மட்டும் தோன்றலாம். முதல் ஈசிஜி சரியாக இருந்தாலும் மாரடைப்பு இல்லையென்று ஆகிவிடாது.

ஆகவே நோயாளியை வீட்டுக்கு அனுப்புமுன், ‘வேறென்னவாக இருக்கலாம்?’ என்று தன்னையே ஒருமுறை கேட்டுக்கொள்வது ஒவ்வொரு டாக்டரின் கடமை. அவர் மறந்தால் நீங்கள் கேளுங்கள். அது மரியாதைக் குறைவல்ல. தரையில் படுத்தது, சீனி, பிரஷர், பாவிக்கும் மருந்துகள் எல்லாவற்றையும் கேட்காமலே சொல்லுங்கள். இமை சரிந்தாலோ, விழுங்கவோ மூச்சுவிடவோ கஷ்டமானாலோ உடனே 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள், கட்டணம் இல்லை.

இனி வயலில் படுக்கும்போது, வாப்பா கட்டிலில் நுளம்புவலைக்குள் படுக்கட்டும்.