புழக்கடைக் கோழி: வளர்ப்பதா, உண்பதா?

புழக்கடைக் கோழி, கணக்குப் புத்தகம் இல்லாத சேமிப்பாகும். விருந்தினர் வந்தாலும், மருந்துச் செலவு நேர்ந்தாலும், நம் கை முதலில் பஞ்சாரத்தை நோக்கியே செல்கிறது. 2018 நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரையைக் கடந்தது. தென்னையும் மாவும் வீழ்ந்தன. புதுத் தென்னை காய்க்கப் பல ஆண்டுகள் வேண்டும். நாட்டுக் கோழிக் குஞ்சோ ஆறேழு மாதங்களில் முட்டையிடத் தொடங்கும். துன்பக் காலத்தில் எஞ்சிய பெட்டையையும் அறுத்துவிட்டால், விரைவில் மீள்வதற்கான வழியையே நாம் அடைத்தவர்களாவோம்.

உழவர் எவரும் விதைநெல்லைச் சமைக்க விரும்பார். முட்டையிடும் பெட்டை விதைநெல்லைப் போன்றது. நாட்டுப் பெட்டை ஆண்டிற்கு 60 முதல் 80 முட்டைகள் வரை இடும். அவற்றுள் பத்தினை அடைவைத்து, 21 நாட்களில் பொரித்த குஞ்சுகளுள் ஆறு வளர்ந்து மூன்று சேவலும் மூன்று பெட்டையும் ஆயின என்று வைத்துக்கொள்வோம். மூன்று சேவல்களையும் உண்ணலாம், அல்லது விற்கலாம். ஒரு பெட்டை தாய்க்கு ஈடாக நிற்கும். மற்ற இரண்டும் முதலின் பெருக்கம். பத்துப் பெட்டைகளுக்கு ஒரு நல்ல சேவல் போதும். ஏனைய சேவல்களை ஊட்டிக் காத்திருப்பதில் பயனில்லை.

எந்தப் பெட்டையைக் கழிப்பது? கழிவாயின் இருபுறமும் உள்ள எலும்பு நுனிகளுக்கிடையே இரண்டு விரல் நுழையுமாயின், அது பெரும்பாலும் முட்டையிடும் கோழி. கொண்டை சிவந்து மிருதுவாக இருப்பதும் நல்ல அடையாளம். ஆயினும் அடைக்கோழியும் இறகு உதிர்க்கும் கோழியும் சில வாரங்கள் முட்டையிடா. ஆதலின் ஒரு நாள் சோதனையைக் கொண்டு தீர்ப்பளித்தல் தவறு.

தீனிக் கணக்கையும் பார்த்தல் வேண்டும். கருக்காய், நொய், புழு, கறையான் ஆகியவற்றை மேய்ந்து வளரும் கோழிக்குச் செலவு சிறிது. முழுத் தீனியையும் விலைக்கு வாங்கினால் ஒரு கோழிக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 100 கிராம், அதாவது மாதத்திற்கு 3 கிலோ வேண்டும். முட்டையிடாத கிழக்கோழிக்கு அதனை வாங்கிப் போடுவது நட்டமே.

இவ்வளவு கணக்கையும் ஒரே வாரத்தில் அழிக்க வல்லது வெள்ளைக் கழிச்சல் நோய். உரிய காலத்தில் கால்நடை மருந்தகத்தில் தடுப்பூசி போடுவித்தல் இன்றியமையாதது. நோயுற்ற கோழியை உண்ணவோ விற்கவோ கூடாது; இறந்ததைச் சுண்ணாம்பு தூவி ஆழப் புதைத்தல் வேண்டும்.

இம்மாதப் பயிற்சி இதுவே: ஒவ்வொரு பெட்டையின் காலிலும் வெவ்வேறு நிற நூலைக் கட்டுங்கள். அது இடும் முட்டைக்கு ஒரு கோடு வீதம் சுவரிலோ ஏட்டிலோ குறியுங்கள். மூன்று மாதங்கள் கழித்து அக்கோடுகளை எண்ணுங்கள். கோழியைப் பேணி வளர்ப்பவர் வீட்டுப் பெண்மணி. ஆகவே முடிவையும் அவரே கூறட்டும். பிறகு அறுப்பதாயினும், அது கணக்கறிந்து அறுத்ததாக இருக்கும்.