துவக்கின் உதையைக் குறைப்பது எப்படி? மலைநாட்டுப் பயிர்க்காவலருக்கு ஒரு வழிகாட்டி

1848இல் நுவரெலியாவில் குடியேறிய ஆங்கிலேய வேட்டைக்காரர் சாமுவேல் பேக்கரின் வேட்டைத் துவக்குகளில் ஒன்று 21 இறாத்தல் எடை. ஏறக்குறைய ஒன்பதரைக் கிலோ. பிறிஸ்டல் நகரத்துத் துவக்குத் தொழிலாளி கிப்ஸ் செய்தது. நான்கு அவுன்ஸ் குண்டைத் தள்ளும் மருந்து வெடிக்கும்போது எழும் உதையில் பெரும்பகுதியை அந்தப் பாரமே வாங்கிக்கொண்டது. பின்னாளில் ஆபிரிக்காவுக்குப் போனபோது அரை இறாத்தல் குண்டு போடும் துவக்கொன்றையும் கொண்டுபோனார். அங்கிருந்த அரபிகள் அதற்கு 'பீரங்கியின் பிள்ளை' என்று பெயர் வைத்தார்கள். அது தன்னைச் சுழற்றிவிட்டதென்றும், தன் துவக்குக்கே தான் அஞ்சியதாகவும் பேக்கரே எழுதிவைத்திருக்கிறார்.

அந்த வேட்டைக்காலம் முடிந்துவிட்டது. யானை, சிறுத்தை, மரை எல்லாம் இன்று சட்டத்தின் காவலில் இருக்கின்றன. மலைநாட்டில் இன்று அனுமதியோடு இருக்கும் துவக்கு பெரும்பாலும் பயிர்க்காவலுக்கான, '12 போர்' எனப்படும் குழல் அளவு கொண்ட சன்னத் துவக்கு. உருளைக்கிழங்குப் பாத்தியை ஒரே இரவில் உழுது போடும் காட்டுப்பன்றிக்காக வைத்திருப்பது. அதுவும் தோளில் நன்றாகவே உதைக்கும். உதைக்குப் பயந்தவர் விசையை இழுக்கும் நொடியில் கண்ணை மூடுவார், குழல் விலகும், பன்றி சாகாமல் காயத்தோடு ஓடும். காயம்பட்ட பன்றி தேயிலைச் செடிக்குள் படுத்துக் கிடக்கும். விடிந்ததும் கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள்தான் அதன் முன்னால் போய் நிற்பார்கள். ஆகவே உதையைக் குறைப்பது தோள் சுகத்துக்கு மட்டுமான காரியம் இல்லை.

உதை எங்கிருந்து வருகிறது?

குழலிலிருந்து முன்னால் பாயும் எல்லாமும் துவக்கைப் பின்னால் தள்ளுகிறது. சன்னம், அதைத் தள்ளும் அடைப்பு, எரிந்த மருந்தின் புகை மூன்றுக்கும் இதில் பங்குண்டு. 3.2 கிலோ எடையுள்ள 12 போர் துவக்கில் 32 கிராம் சன்னம் சுட்டால், துவக்கு நொடிக்கு நான்கு மீற்றருக்குச் சற்று அதிகமான வேகத்தில் தோளுக்கு வரும். அந்த வேகத்தைக் குறைக்கலாம், அல்லது அது உடம்பில் இறங்கும் இடத்தையும் நேரத்தையும் பரப்பலாம். கீழே வரும் படிகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றைத்தான் செய்கின்றன. வரிசையை மாற்ற வேண்டாம்.

1. அனுமதிப்பத்திரத்தைப் பாருங்கள்

இலங்கையில் துவக்கு வைத்திருப்பதை 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. அனுமதியை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். எந்த விலங்கைச் சுடலாம், எதைத் தொடக்கூடாது என்பதை 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. துவக்கில் எந்த மாற்றம் செய்வதானாலும் அனுமதி தந்த அலுவலகத்தில் முதலில் கேளுங்கள்.

2. அறையின் நீளத்தை அறியுங்கள்

துவக்கைத் திறந்து, குழல் (இரண்டிருந்தால் இரண்டும்) வெறுமையாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்யுங்கள். பிறகு குழல்களைக் கழற்றி அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பழைய ஆங்கிலேயத் துவக்குகள் பலவற்றில் தோட்டா அறை இரண்டரை அங்குலம், அதாவது 65 மில்லிமீற்றர்தான். இன்றைய தோட்டாக்களில் பல 70 மில்லிமீற்றர் நீளம். நீளத் தோட்டா குட்டை அறைக்குள் நுழைந்துவிடும். ஆனால் வெடிக்கும்போது அதன் வாய் விரிய இடமிருக்காது. அழுத்தம் ஏறும், உதையும் ஏறும், குழலுக்கும் ஆபத்து. துவக்கு வழக்கத்தைவிடப் பலமாக உதைத்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். குழலின் மேல் நீர்க்கோடுபோல வளைவு வளைவாக வரி ஓடினால் அது இரும்பையும் உருக்கையும் முறுக்கி இணைத்துச் செய்த பழைய டமாஸ்கஸ் குழலாக இருக்கலாம். அதில் இன்றைய தோட்டாவைப் போடவே வேண்டாம்.

3. பிடங்கை உங்கள் கைக்குப் பொருத்துங்கள்

முழங்கையை நேர்கோணமாக மடித்து, பிடங்கின் அடியை முழங்கை மடிப்பில் வையுங்கள். சுட்டுவிரலின் முதற்கணு விசையில் இயல்பாகப் படிய வேண்டும். எட்டிப் பிடிக்க வேண்டியிருந்தால் பிடங்கு நீளம். அது தோள்மூட்டின் எலும்பில் இடிக்கும். மிகக் குட்டையாக இருந்தால் பெருவிரல் மூக்கில் அடிக்கும். வெளிநாட்டில் செய்த துவக்குகள் பலவற்றில் இந்த நீளம் பதினான்கு அங்குலத்துக்குக் கிட்ட இருக்கும். நம்மில் பலருக்கு அது கூடுதல்.

இந்த அளவை இரவில் போடும் உடுப்போடு எடுங்கள். நுவரெலியாவில் தை மாதத்துப் பனியில் ஸ்வெட்டரும் அதன்மேல் ஜக்கெட்டும் போட்டால், பிடங்கு ஓர் அங்குலம் நீண்டதுபோல ஆகிவிடும். மெல்லிய சட்டையில் சரியாக இருந்த துவக்கு, குளிரில் கைக்கு எட்டாமல் போவது இதனால்தான்.

4. றப்பர் அடியை மாற்றுங்கள்

பிடங்கின் அடியில் இருக்கும் றப்பரை நகத்தால் அழுத்துங்கள். நகம் பதியாவிட்டால் அது றப்பர் இல்லை, மரக்கட்டை. மலையின் ஈரமும் வெயிலும் சில ஆண்டுகளில் அதை இறுக்கிவிடும். ஓர் அங்குலத் தடிப்பில் மெத்தென்ற புதிய றப்பர் போட்டால் உதை ஒரே இடியாக விழாமல் பரந்து இறங்கும். பிடங்கின் நீளம் மாறாதபடி மரத்தை அளவாக வெட்டித்தான் றப்பரைப் பொருத்த வேண்டும். அதைத் தொழில் தெரிந்தவரிடம் விடுங்கள்.

5. எடை கூட்டுங்கள்

பேக்கர் கண்ட வழி இது. 3.2 கிலோ துவக்கில் அரைக்கிலோ கூட்டினால் உதையின் சக்தியில் ஏழில் ஒரு பங்கு குறையும். பிடங்கின் உள்துளையில் ஈயம் வைத்து, அசையாதபடி இறுக்கலாம். முன்பாரமும் பின்பாரமும் சமமாக இருக்கிறதா என்று தூக்கிப் பாருங்கள்.

6. நிற்கும் முறையைத் திருத்துங்கள்

தோள்மூட்டுக்கும் நெஞ்சுக்கும் நடுவே, காறையெலும்புக்குக் கீழே ஒரு குழி இருக்கிறது. பிடங்கு அங்கே முழுதாகப் படிய வேண்டும். இடைவெளி விட்டுப் பிடித்தால் துவக்கு ஓடிவந்து மோதும். அணைத்துப் பிடித்தால் உங்களையும் சேர்த்துத் தள்ளும். மோதுவது வலிக்கும், தள்ளுவது வலிக்காது. கன்னத்தைப் பிடங்கில் பதித்து, முன்காலில் பாரம் வைத்து, இடுப்புக்கு மேல் சற்று முன்சாயுங்கள். தேயிலை மலைச் சரிவில் நிற்கும்போது இரண்டு காலும் உறுதியான தரையில் இருக்கட்டும். மேட்டின் உச்சியை நோக்கி ஒருபோதும் சுடாதீர்கள். அப்பால் லயம் இருக்கலாம், பாதை இருக்கலாம்.

7. பழகுவதற்கு இலேசான தோட்டா

வேகம் மாறாமல் 32 கிராமிலிருந்து 28 கிராமுக்கு இறங்கினால் உதை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும். குறி பழக அது போதும். பன்றிக்கு மட்டும் பலம் குறைந்த தோட்டாவைப் போடாதீர்கள். அது விலங்கைக் கொல்லாமல் வதைக்கும். பழகும் நாளில் பத்து வேட்டுக்கு மேல் வேண்டாம். நண்பர் ஒருவர் உங்களுக்குத் தெரியாமல் இடையிடையே போலித் தோட்டா போட்டுத் தரட்டும். வெடிக்காத தோட்டாவுக்கும் குழல் துள்ளினால், நீங்கள் இன்னும் உதைக்கு அஞ்சுகிறீர்கள் என்று பொருள்.

8. மசில் பிரேக்: யாருக்கு, எப்போது?

குழல்வாயில் திருகிப் பூட்டும், பக்கவாட்டில் துளைகளுள்ள உருக்குக் குழாய்தான் மசில் பிரேக். முன்னால் பாயும் புகையைப் பக்கத்துக்கும் பின்னுக்கும் திருப்பிவிடும். அது தொடுவது புகையின் பங்கை மட்டுமே. 12 போரில் அந்தப் பங்கு இருபதில் ஒன்று அளவுதான். ஆகவே பயிர்க்காவல் துவக்குக்கு அதை வாங்குவது வீண் செலவு.

பெரிய றைபிள்களின் கதை வேறு. 1912இல் வந்த .375 ஹொலண்ட் அன்ட் ஹொலண்ட் போன்றவற்றில் உதையின் கால் பங்குக்கு மேல் புகையால் வருவது. அங்கே நல்ல பிரேக் உதையின் சக்தியில் 30 முதல் 50 சதவீதம் வரை குறைக்கும். கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் அனுமதியோடு வேட்டைக்குப் போகும் நம்மவர்கள் இதைக் கவனிக்கலாம். குழலில் புரி வெட்டும் வேலையை உரிமம் பெற்ற துவக்குத் தொழிலாளியே செய்ய வேண்டும். பிரேக்கின் துளை குழலின் மையத்தோடு மயிரிழை பிசகாமல் ஒத்திருக்க வேண்டும். விலகினால் குண்டு உள்ளே உரசும். அடிப்பக்கத்தில் துளையில்லாததாகத் தேர்ந்தெடுங்கள், தரைத் தூசு கண்ணுக்கு ஏறாது. பூட்டியபின் குண்டு விழும் இடம் மாறியிருக்கும். குறியை மறுபடி சரிபார்க்காமல் காட்டுக்குப் போகாதீர்கள்.

பிரேக்குக்கு விலை கொடுப்பது காது. றைபிள் வெடியின் ஓசை 160 டெசிபெல்லுக்குக் கிட்ட இருக்கும். 140ஐத் தாண்டினாலே காதுக்குச் சேதம். பிரேக் பூட்டினால் சுடுபவருக்கும் பக்கத்தில் நிற்பவருக்கும் அது இன்னும் ஏறும். காதுக்குள் அடைப்பானும் அதன்மேல் மூடியும் இரண்டும் தேவை. கூட வந்தவர் பக்கத்தில் நிற்கக்கூடாது. உங்களுக்குப் பின்னால், சற்றுத் தள்ளி, அவரும் காதை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். பிரேக் இல்லாத 12 போருக்கும் இதே காவல் வேண்டும். தோளில் கன்றிய நீலம் ஒரு வாரத்தில் மறையும். போன செவிப்புலன் திரும்பி வராது.

இவ்வளவும் செய்தபின்னும் துவக்கு தாங்க முடியாமல் உதைத்தால், அது உங்களுக்கு ஏற்ற துவக்கு இல்லை. அதைப் பெட்டிக்குள் பூட்டிவைத்து, தோட்டத்துக்கு நல்ல வேலி போடுங்கள். விடிகாலையில் அந்த மலைக்கு ஏறப்போகிறவர்கள் நம் வீட்டுப் பெண்கள்.