அரையர் சேவை

காவிரியும் கொள்ளிடமும் இரு மருங்கும் தழுவியோட, இடையே அமைந்த தீவு திருவரங்கம். திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையின் உச்சியில் நின்று வடதிசை நோக்குவார்க்கு, தென்னஞ்சோலைகளுக்கு மேலே அவ்வூர்க் கோபுரங்கள் எழுந்து நிற்கும் காட்சி கண்ணைக் கவரும். ஏழு திருச்சுற்றுகளையுடைய அப்பெருங்கோயிலில் மார்கழியை ஒட்டி நிகழும் திருவிழா, அத்தியயன உற்சவம் எனப்படும். வைகுண்ட ஏகாதசிக்கு முற்பட்ட பத்து நாள்கள் பகற்பத்து; அந்நாள் முதல் வரும் பத்து நாள்கள் இராப்பத்து. முன்னது அருச்சுன மண்டபத்திலும் பின்னது ஆயிரக்கால் மண்டபத்திலும் நடைபெறும்.

இவ்விழாவின் உயிராக விளங்குவது அரையர் சேவை. அரையர் என்னும் சொல் அரசர் எனப் பொருள்படும். கூம்பிய நெடுங்குல்லாய் தலையில் விளங்க, மாலை மார்பில் அசைய, கையில் தாளம் ஏந்தி அரையர் இறைவன் திருமுன் நிற்பர். ஆழ்வார்களின் பாசுரங்களை இசையோடு பாடுவர். பாடிய பொருளை அபிநயத்தால் புலப்படுத்துவர். பின்னர் அதற்கு உரையும் கூறுவர். இயல், இசை, நாடகம் என்னும் மூன்று தமிழும் ஒருவரிடத்தே ஒருங்கே நிகழும் அரிய காட்சி இது. முத்துக்குறி என்னும் பகுதியில், காதல் நோயுற்ற மகளாகவும், அவள் நிலைகண்டு வருந்தும் தாயாகவும், முத்துகளைக் கொண்டு குறி கூறும் கட்டுவிச்சியாகவும் அரையர் ஒருவரே நடிப்பர். வேடம் மாற்றுவதில்லை, குரலும் முகமும் கையுமே ஆளை மாற்றிக் காட்டும்.

இக்கலையை வகுத்தவர் யாவர்? திருவரங்கத்தில் திருவாய்மொழியை ஓதும் விழாவைத் தொடங்கியவர் திருமங்கையாழ்வார் என்பது வைணவ மரபு. காலப்போக்கில் பாசுரங்கள் வழக்கொழிந்தன. வீரநாராயணபுரத்தில் தோன்றிய நாதமுனிகள் அவற்றைத் தேடித் திரட்டி, நாலாயிரமாக வகுத்து இசையமைத்தார். பின்னர்த் தம் மருமக்களாகிய கீழையகத்தாழ்வான், மேலையகத்தாழ்வான் இருவர்க்கும் அவ்விசையைக் கற்பித்தார். அவ்விருவர் வழியே அரையர் மரபு தழைத்தது. இராமானுசருடைய ஆசிரியர் ஐவருள் ஒருவரான திருவரங்கப்பெருமாள் அரையர் இம்மரபில் புகழ்பெற்றவர்.

அபிநயம் எவ்வாறு அமைக்கப்பட்டது என்பதற்கு ஒரு நிகழ்ச்சி சான்றாகும். பெரியாழ்வார் பாசுரம் ஒன்றில் கண்ணன் சிறுவர்க்கு அப்பூச்சி காட்டி அச்சுறுத்தும் விளையாட்டு வருகிறது. ஒருநாள் இராமானுசர் திருமுன் அதனை அபிநயித்த அரையர், சிறுவர் செய்யும் முறைப்படி கண்ணிமையை மடித்துக் காட்டினார். இராமானுசர்க்குப் பின்னே இருந்த அவர் மாணவர் எம்பார், வாய் திறவாமல், இரு கைகளையும் தோள்மேல் உயர்த்திச் சங்கும் சக்கரமும் ஏந்தும் பாவனையைக் காட்டினார். இரு கையனாகவே கண்ணனோடு பழகிய ஆயர் சிறுவர், திடீரென நான்கு தோளும் ஆழி சங்கும் கண்டால் அஞ்சாதிருப்பரோ? குறிப்பை உணர்ந்த அரையர் அவ்வாறே மீண்டும் அபிநயித்தார். இராமானுசர் அதனைக் கண்ட அளவில், பின்னே கோவிந்தர் இருக்கின்றார் என உணர்ந்துகொண்டார். கோவிந்தர் என்பது எம்பாரின் இயற்பெயர். ஒரு கைக்குறிப்பு பாட்டின் பொருளையே ஆழமாக்கிய இச்செய்தியைப் பாசுர உரை பேணி வைத்துள்ளது.

இத்தகைய கலைக்கும் இடையூறு நேர்ந்தது. 1323ஆம் ஆண்டில் தில்லிப் படை திருவரங்கத்தைத் தாக்கியது. அரங்கனின் உற்சவத் திருமேனியை அடியார்கள் மறைவாக எடுத்துச் சென்றனர். விசயநகரத் தலைவர் கோபணாரியர் முயற்சியால் 1371ஆம் ஆண்டில்தான் அது மீண்டும் கோயிலை அடைந்தது. இடைப்பட்ட காலம் ஏறத்தாழ நாற்பத்தெட்டு ஆண்டுகள். பாட்டும் அபிநயமும் கற்பிக்கும் தந்தையும் கற்கும் மைந்தனும் ஒரு தலைமுறை தளர்ந்தால், அக்கலையே மறைந்துவிடும் அல்லவா? அவ்வாறு மறையாமல் காத்தது கற்றோர் நினைவாற்றலே.

பிற நாட்டு ஆடற்கலை ஒன்றோடு ஒப்பிட்டு நோக்கின் இதன் அருமை விளங்கும். அடிமைகளாக அமெரிக்காவிற்குக் கொண்டு செல்லப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் ஆட்டங்களினின்று வளர்ந்தது ஜாஸ் நடனம். அதற்கு மேடை வடிவம் தந்தவருள் ஒருவரான ஜாக் கோல், நம் பரதநாட்டிய அசைவுகளையும் கற்று, 1930ஆம் ஆண்டுகளில் ஜாஸ் இசையோடு இணைத்தார். அவர் 1974இல் மறைந்தார். எனினும் அவர் அமைத்த ஆட்டங்கள் சிலவற்றைத் திரைப்படங்களில் இன்றும் காணலாம். எம்பார் காட்டிய கைக்குறிப்பையோ எப்படமும் பதிவு செய்யவில்லை. உரைநூல் அச்செய்தியைச் சொல்லும். ஆனால், கை உயர்ந்த விரைவையும், கண் மலர்ந்த வியப்பையும் ஏடு சொல்லாது. அவற்றை ஒருவர் உடலிலிருந்து மற்றொருவர் உடல்தான் பெறவேண்டும்.

முன்னாளில் வைணவத் தலங்கள் பலவற்றில் நிகழ்ந்த அரையர் சேவை, இன்று திருவரங்கம், திருவில்லிபுத்தூர், ஆழ்வார்திருநகரி முதலிய மிகச் சில தலங்களிலேயே காணப்படுகிறது. இதனைப் பேணுவோர் சில குடும்பத்தினரே. மார்கழிக் குளிரில் ஆயிரக்கால் மண்டபத்தில் எழும் தாள ஒலி, ஆயிரம் ஆண்டு மரபின் குரல். கல்லால் ஆகிய மண்டபம் பழுதுற்றால் மீண்டும் கட்டலாம். கற்பாரின்றி மறைந்த அபிநயத்தை மீட்டல் அரிது. ஆதலின், கோபுரத்தைக் கண்டு வியப்பவர், அதன் நிழலில் நின்று பாடியாடும் கலையையும் கண்டு போற்றுதல் கடமையாகும்.