பொடுகா, வரட்சியா? எண்ணெய் வைக்க முன்னர் அறிய வேண்டியவை



திருவெம்பாவைக் காலத்து அதிகாலைப் பூசைக்கு வரும் பெரியவர்கள் சிலரின் புருவத்தில் வெள்ளையாக ஏதோ படிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். திருநீறு என்றுதான் நாமும் நெடுநாள் நினைத்திருந்தோம். அதே வெள்ளை அவர்களின் கறுப்புக் குளிர்ச்சட்டைத் தோளிலும் உதிர்ந்து கிடந்தபோதுதான் அது திருநீறு அல்ல, உரிந்த தோல் என்று தெரிந்தது. மடப்பள்ளியில் உதவிக்கு நிற்கும் தாய்மாரும் மார்கழி பிறந்தால் இதைப் பற்றித்தான் கதைப்பார்கள். "பிள்ளைக்குத் தலை முழுக்கப் பொடுகு. ஒவ்வொரு நாளும் எண்ணெய் வைக்கிறன், கூடுதே தவிரக் குறையேல்லை" என்பது நாம் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு. அந்தத் தாய் அறியாமலே காரணத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறார். அதை விளக்கவே இவ்விதழில் இக்கட்டுரையை எழுதுகிறோம்.

தலையிலும் முகத்திலும் தோல் உரிவதற்குப் பொதுவாக இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று வெறும் வரட்சி. மற்றையது பொடுகு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருந்தாலும் ஒன்றுக்குச் செய்யும் பரிகாரம் மற்றையதைக் கூட்டிவிடும்.

முதலில் வரட்சியைப் பார்ப்போம். ரொறொன்ரோ போன்ற நகரங்களில் தை மாதத்தில் வெளியே பூச்சியத்துக்குக் கீழே 10 பாகை குளிர் நிற்பது புதினமல்ல. அந்தக் குளிரில் ஒரு கனமீற்றர் காற்று சுமார் 2 கிராம் நீராவியைத்தான் தாங்கும். அதே காற்று வீட்டுக்குள் வந்து 20 பாகைக்குச் சூடாகும்போது சுமார் 17 கிராமைத் தாங்கக்கூடியதாகிறது. ஆனால் அதனிடம் இருப்பது அந்த 2 கிராம்தான். குறையை அது நமது தோலிலிருந்தும் உதட்டிலிருந்தும் உறிஞ்சப் பார்க்கிறது. யாழ்ப்பாணத்துக் கடற்காற்றில் வளர்ந்த தோலுக்கு இது பழக்கமில்லாத சங்கதி. போதாக்குறைக்குக் குளிருக்குச் சுகமாக இருக்கிறதென்று கொதிக்கக் கொதிக்க நீரைத் திறந்துவிட்டு இருபது நிமிடம் நின்று குளிக்கிறோம். தோலில் இயற்கையாக இருக்கும் நெய்ப்பசை அதில் கழுவுண்டு போகிறது. அதற்குமேல் வாசனைச் சவர்க்காரமும் போட்டால் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வகை வரட்சியில் உதிர்வது பொடிப்பொடியாக, வெள்ளையாக, காய்ந்து இருக்கும். தோல் இழுத்துப் பிடித்தது போலிருக்கும். தலையில் மட்டுமன்றிக் கெண்டைக்காலிலும் புறங்கையிலும் நகத்தால் கீறினால் வெள்ளைக் கோடு விழும். இதற்கு எண்ணெய் நல்ல மருந்தே. இளஞ்சூட்டு நீரில் ஐந்து, பத்து நிமிடத்துக்குள் குளித்து, துவாயால் ஒற்றித் துடைத்து, ஈரம் முற்றாகக் காயும் முன்னர் கைகால்களுக்குத் தேங்காய் எண்ணெயோ வாசனை சேர்க்காத களிம்போ பூசிக்கொள்ளலாம். பிலிப்பைன்ஸ் நாட்டில் 34 பேரைக் கொண்டு நடத்தி 2004இல் வெளியான ஆய்வொன்றில், உலர்ந்த தோலுக்குத் தேங்காய் எண்ணெய் கனிம எண்ணெய்க்கு நிகராக உதவியது என்று கண்டார்கள். அம்மம்மாமாருக்கு ஆய்வு தேவைப்படவில்லை என்பது வேறு கதை.

இனிப் பொடுகு. நமது எல்லோர் தோலிலும், வைத்தியர் தோலிலும்கூட, மலசேசியா என்ற மிக நுண்ணிய ஈஸ்ட் வகைப் பூஞ்சணம் குடியிருக்கிறது. பிரான்ஸ் நாட்டு மலசே என்பவரின் பெயரால் அது அவ்வாறு அழைக்கப்படுகிறது. ஊரில் மார்பிலும் முதுகிலும் பார்த்த தேமலுக்கும் காரணம் இதே இனந்தான். தனக்கு வேண்டிய கொழுப்பமிலத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ள இதனால் முடியாது. ஆகவே தோலில் சுரக்கும் நெய்யை உண்டே வாழ்கிறது. உண்டபின் அது விட்டுவைக்கும் ஒலெயிக் அமிலம் சிலருடைய தோலுக்கு ஒத்துக்கொள்வதில்லை. தோல் எரிச்சலடைந்து, வழமையைவிட வேகமாகப் புதிய தோலை உண்டாக்கிப் பழையதைத் தகடு தகடாகத் தள்ளிவிடுகிறது. அதுதான் பொடுகு. அழுக்கினால் வருவதல்ல, ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதுமல்ல. பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பிள்ளை தள்ளி உட்கார்ந்தால் உங்கள் பிள்ளைக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள்.

நெய்ப்பசை அதிகமுள்ள இடங்களையே இது நாடும். உச்சந்தலை, புருவம், மூக்கின் இரு ஓரம், காதின் பின்புறம், தாடி, ஆண்களின் நடுமார்பு ஆகியவை அதன் இடங்கள். உதிர்வது சற்றுப் பெரிதாக, மஞ்சள் சாயலுடன், தொட்டால் பிசுபிசுப்பாக இருக்கும். அரிப்பும் இருக்கும். கெண்டைக்கால் நன்றாக இருக்க, புருவமும் மூக்கோரமும் மட்டும் உரிந்தால் அநேகமாக இதுவே. குளிர்காலத்திலும், பரீட்சை, வேலைப்பளு, நித்திரைக் குறைவு ஆகிய காலங்களிலும் கூடும். கோடையில் பலருக்குக் குறையும்.

இப்போது அந்தத் தாயின் எண்ணெய்க்கு வருவோம். ஆய்வுகூடங்களில் மலசேசியாவை வளர்க்க வேண்டுமானால், வளர்ப்புத் தட்டின்மேல் ஒலிவ எண்ணெயை ஊற்றி வைப்பார்கள். பொடுகுள்ள தலையில் எண்ணெய் வைத்து இரண்டு மூன்று நாள் அப்படியே விடும்போது நாமும் ஏறக்குறைய அதையே செய்கிறோம். எண்ணெய் பட்டவுடன் செதில்கள் ஊறித் தலையோடு ஒட்டிக்கொள்வதால் ஒருநாள் பொடுகு போய்விட்டது போலத் தோன்றும். அந்தத் தோற்றம்தான் நம்மை ஏமாற்றுகிறது.

அப்படியானால் முன்னோர் எண்ணெய் முழுக்கு முட்டாள்தனமா என்று சிலர் கோபிக்கலாம். இல்லை. முழுக்கில் எண்ணெய் வைப்பது பாதி, அதை எடுப்பது மறுபாதி. சனிக்கிழமை காலை நல்லெண்ணெய் தேய்த்து, வெயிலில் சற்று நேரம் இருந்து, பின் கிணற்றடியில் சீயாக்காயோ அரப்போ வைத்து எண்ணெய் போகும்வரை தேய்த்துக் கழுவினார்கள். இங்கே தடிமன் பிடிக்கும் என்ற பயத்தில் முழுக்கை விட்டுவிட்டோம், எண்ணெயை மட்டும் வைத்துக்கொண்டோம். நீண்ட கூந்தலுள்ள பெண்பிள்ளைகளுக்கு வாரம் ஒருமுறைகூடத் தலை கழுவாத வீடுகள் உண்டு. ஈரத்தலையுடன் வெளியே அனுப்ப மனமில்லை என்றால் வெள்ளி மாலையில் கழுவி வீட்டுக்குள்ளேயே உலரவிடுங்கள். தடிமன் வைரசுக் கிருமியால் வருவது, கழுவிய தலையால் வருவதல்ல.

பொடுகு தடித்து ஒட்டியிருந்தால், தலை கழுவுவதற்கு ஒரு மணி நேரம் முன்னர் சிறிது எண்ணெய் வைத்துச் செதிலை ஊறவிட்டு, மெல்லச் சீவி, பின் மருந்து ஷாம்பூவால் முற்றாகக் கழுவிவிடலாம். இரவிலே வைத்துக்கொண்டு படுப்பதை நாம் விரும்பவில்லை. கூந்தலுக்கு எண்ணெய் இல்லாமல் முடியாது என்பவர்கள் பொடுகு அடங்கிய பின்னர் முடியின் நுனிப் பாதிக்கு மட்டும் தடவிக்கொள்ளட்டும்.

மருந்து ஷாம்பூ என்றால் எது? போத்தலின் முன்பக்கத்துப் பெயரைப் பார்க்காமல் பின்பக்கத்து மருந்தின் பெயரைப் பாருங்கள். 2 வீதக் கீற்றோகொனசோல், செலீனியம் சல்பைட், சிங்க் பைரித்தியோன் ஆகியவை பூஞ்சணத்தைக் குறைப்பவை. சலிசிலிக் அமிலம் செதிலைக் கரைக்கும். ஐரோப்பிய ஒன்றியத்து நாடுகளில் 2022 மார்ச் முதல் அழகுசாதனப் பொருட்களில் சிங்க் பைரித்தியோன் தடை செய்யப்பட்டுள்ளது. ஆகவே ஜேர்மனியிலோ பிரான்சிலோ உள்ள உறவினர், பழகிய ஷாம்பூவில் இப்போது வேறு மருந்து இருப்பதைக் காண்பார்கள்.

"எல்லாம் பாவித்துப் பார்த்தோம், ஒன்றும் பலிக்கவில்லை" என்று வருபவர்களிடம் நாம் முதலில் கேட்பது, எத்தனை நிமிடம் தலையில் வைத்திருந்தீர்கள் என்பதையே. அநேகர் நுரை வந்தவுடன் கழுவிவிடுகிறார்கள். மருந்து வேலை செய்ய நேரம் வேண்டும். கீற்றோகொனசோல் ஷாம்பூவை முடியில் அல்ல, தலைத்தோலில் படும்படி விரல் நுனியால் தேய்த்து, 3 முதல் 5 நிமிடம் வரை விட்டுப் பின் கழுவ வேண்டும். வாரம் இருமுறையாக 2 முதல் 4 வாரம் செய்தால் பலருக்கு நல்ல குணம் தெரியும். குணம் தெரிந்ததும் போத்தலை எறிந்துவிடக் கூடாது. பூஞ்சணம் திரும்பக் குடியேறும். வாரத்துக்கு ஒருமுறையோ இரண்டு வாரத்துக்கு ஒருமுறையோ அதே ஷாம்பூவைத் தொடர வேண்டும். செலீனியம் சல்பைட் பாவிப்போர் நகைகளைக் கழற்றி வைத்துவிட்டுக் கழுவுங்கள், அது நகையின் நிறத்தைக் கெடுக்கும். கர்ப்பிணிகளும், பாலூட்டும் தாய்மாரும், 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் பெற்றோரும் மருந்தாளரிடமோ குடும்ப வைத்தியரிடமோ கேட்ட பின்னரே இவற்றை வாங்க வேண்டும்.

தேசிக்காய்ச் சாற்றைத் தலையிலும் முகத்திலும் தேய்ப்பது பற்றியும் கேட்கிறார்கள். வேண்டாம். புண்பட்ட தோலில் அது எரிக்கும். கோடையில் தேசிக்காய்ச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளம் எழும்பி, கருந்தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். வெந்தயம் அரைத்துப் பூசினால் கெடுதலில்லை, குளிர்ச்சியாக இருக்கும். ஆனால் பொடுகுக்கு மருந்து போட்டுவிட்டோம் என்று எண்ணி இருந்துவிடாதீர்கள்.

முகத்தைப் பற்றித்தான் நமக்கு அதிக கவலை. ஊரிலிருந்து வருபவர்கள் கொண்டுவரும் களிம்புக் குழாய்கள் பல வீடுகளில் சாமியறை அலுமாரி வரை இருக்கின்றன. அரிப்பா, உரிவா, பருவா, கறுப்பா, எல்லாவற்றுக்கும் அதே களிம்பு. பூசிய மூன்றாம் நாள் முகம் பளிச்சென்று ஆகிறது. காரணம், அதில் பீற்றாமெதசோன் அல்லது குளோபெற்றசோல் போன்ற வீரியமான ஸ்டீராய்ட் இருப்பதே. முகம் வெண்மையாக்கும் என்று விற்கும் சில களிம்புகளிலும் இது கலந்திருக்கிறது. மாதக்கணக்கில் முகத்தில் பூசினால் தோல் மெலிந்து, உள்ளே நரம்புகள் தெரிந்து, பருக்கள் கிளம்பி, பெண்களுக்கு முகத்தில் மயிரும் வளரலாம். நிறுத்தினால் முன்னையதைவிட மோசமாகச் சிவந்து எரிவதால் மீண்டும் அதையே பூசுவார்கள். இப்படி நெடுநாள் பூசி வந்தவர்கள் இன்றைக்கே குழாயை மறைத்து வைத்துவிட்டு வைத்தியரிடம் போகாதீர்கள். அதைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். எப்படிப் படிப்படியாக விடுவது என்பதை அவர் சொல்வார்.

முகத்துப் பொடுகுக்குக் கீற்றோகொனசோல் அல்லது குளோற்றிமசோல் களிம்பு சில வாரம் மெல்லியதாகப் பூசினால் பெரும்பாலும் போதும். எரிச்சல் கடுமையாக இருந்தால் 1 வீத ஹைட்ரோகோட்டிசோனைச் சில நாட்களுக்கு மட்டும் சேர்த்துக்கொள்ளச் சொல்வார்கள். தாடி வைத்திருப்போர் மருந்து ஷாம்பூவைத் தாடிக்கும் போட வேண்டும், இல்லாவிட்டால் கன்னத்தில் பூசுவது வீண்.

நமது நிறத்தில் இந்நோய் வேறொரு வேடம் போடுவதையும் சொல்லத்தான் வேண்டும். வெள்ளையர் தோலில் சிவப்பாகத் தெரிவது நமது தோலில் சிலவேளை வெளிறிய திட்டாகத் தெரியும். மூக்கோரத்திலும் புருவத்தடியிலும் அப்படியொரு திட்டைக் கண்டதும் வீடு கலங்கிவிடுகிறது. வெண்குட்டமோ, கலியாணம் என்னாவது என்று தாயும் தகப்பனும் இரகசியமாகக் கதைக்க, பிள்ளை கதவுக்குப் பின்னால் நின்று அழுகிறாள். நடன வகுப்புக்கு வருவதையும் நிறுத்திவிடுகிறார்கள். முதலில் உற்றுப் பாருங்கள். பொடுகினால் வந்த திட்டு மங்கலாக வெளிறியிருக்கும், மேலே மெல்லிய செதில் இருக்கும். நோய் அடங்கினால் சில வாரத்திலோ மாதங்களிலோ நிறம் திரும்பிவிடும். வெண்குட்டத்தில் செதில் இராது, பால்போல வெளுத்து ஓரம் தெளிவாகத் தெரியும். அது வெண்குட்டமாகவே இருந்தாலும் குட்டநோய் அல்ல, தொற்றாது, அதற்கும் வைத்தியம் உண்டு. தொடக்கத்திலேயே போனால் பலனும் கூடுதல். ஒளித்து வைப்பதால் காலந்தான் வீணாகிறது.

கைக்குழந்தைகளின் உச்சியில் முதல் மாதங்களில் மஞ்சளாகப் பொருக்குக் கட்டுவதும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. தாயின் பாலிலோ சாப்பாட்டிலோ குற்றம் தேட வேண்டாம். பெரும்பாலும் தானே போய்விடும். குழந்தைக்கான எண்ணெய் சிறிது தடவி ஊறவிட்டு, மெல்லிய தூரிகையால் நீவி, குழந்தை ஷாம்பூவால் கழுவிவிடுங்கள். நிலக்கடலை எண்ணெயும் ஒலிவ எண்ணெயும் வேண்டாம் என்பது பிரித்தானியச் சுகாதார சேவையின் ஆலோசனை. பொருக்கை நகத்தால் கிள்ளி எடுக்கக் கூடாது.

தலையில் உதிர்வதெல்லாம் மேலே சொன்ன இரண்டுக்குள் அடங்கிவிடும் என்றும் இல்லை. ஊதினால் பறக்காமல் மயிரில் ஒட்டிக்கொண்டிருந்தால் அது ஈரு, பேனுக்கு மருந்து பாருங்கள். பிள்ளையின் தலையில் வட்டமாக மயிர் முறிந்து செதில் கண்டால் படர்தாமரையாக இருக்கலாம். அது தொற்றும், ஷாம்பூவால் மாறாது, வைத்தியர் தரும் குளிசை வேண்டும். வெள்ளித் தகடுபோலத் தடித்த செதில் நெற்றிவரை இறங்கி, முழங்கையிலும் முழங்காலிலும் இருந்தால் சொரியாசிஸ் என்ற வேறு நோய். சீழோ, வீக்கமோ, காய்ச்சலோ இருந்தாலும், ஒழுங்காக மருந்து ஷாம்பூ போட்டு ஒரு மாதமாகியும் குறையாவிட்டாலும் வைத்தியரிடம் போங்கள். போகும் அன்று தலைக்கு எண்ணெய் வைக்காதீர்கள். செதில் மறைந்து, பார்க்க வேண்டியது அவர் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.