கலவையான மினியேச்சர்களுக்குப் பந்தி முறையில் வண்ணம்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறவர்களிடம் சேரும் மினியேச்சர்கள் (ஆட்டத்துக்கான சிறு உருவப் பொம்மைகள்) சீருடைப் படையாக இருப்பதில்லை. ஐந்து எலும்புக்கூடு, நான்கு கோப்ளின், இரண்டு ஓநாய், சில கொள்ளையர், ஓர் ஓகர், ஒரு மந்திரவாதி என்று கலந்துகட்டித்தான் சேரும். இவற்றை ஒவ்வொன்றாக எடுத்து முடிக்கலாம் என்று உட்கார்ந்தால், மூடியைத் திறப்பது, வண்ணத்தில் நீர் கலப்பது, பிரஷ்ஷைக் கழுவுவது, காயக் காத்திருப்பது என்றே மாலைப்பொழுது கரைந்துவிடும். தீட்டும் நேரம் அதில் கொஞ்சம்தான்.

ஆகவே பந்தியில் பரிமாறுவதுபோல வேலை செய்யுங்கள். சாம்பார் வாளி கையில் இருக்கும்போது எல்லா இலைக்கும் சாம்பார், அதன் பிறகே ரசம். பழுப்பைத் திறந்தால், வரிசையில் உள்ள எல்லா உருவங்களிலும் பழுப்பு எங்கெங்கே வருகிறதோ அங்கெல்லாம் வைத்துவிட்டுத்தான் மூட வேண்டும்.

இதற்கு முதலில் ஒரு தாளும் பேனாவும் வேண்டும். உருவங்களை மேசையில் பரப்பி, பெயர்களை மறந்து நிறங்களை மட்டும் எழுதுங்கள். எலும்பு நிறத்தையே பாருங்கள்: எலும்புக்கூட்டின் உடல் முழுக்க அதுதான். அதே நிறம் ஓநாயின் பல்லிலும், ஓகரின் நகத்திலும், மந்திரவாதி கையிலுள்ள சுருளிலும் வரும். தோல் பழுப்போ இடுப்பு வார், காலணி, கத்தியுறை, பை என்று ஏறக்குறைய எல்லோரிடமும் இருக்கிறது. மந்திரவாதியின் மேலங்கிக்குச் சிவப்பு என்று முடிவுசெய்தால், கொள்ளையர்களில் ஒருவனின் தலைத்துணிக்கும் அதே சிவப்பைக் கொடுங்கள். மொத்தம் எட்டுப் பத்து நிறங்களுக்குள் அடக்கிவிட்டால் வேலை சுருங்கும், தொகுப்புக்கும் ஓர் ஒற்றுமை வந்துவிடும்.

ஒரு வரிசைக்கு எத்தனை உருவம்? கடைசி உருவத்துக்கு ஒரு நிறத்தை வைத்து முடிக்கும்போது முதல் உருவம் காய்ந்திருக்க வேண்டும். அந்த எண்ணிக்கைதான் சரியான அளவு. பெரும்பாலானவர்களுக்கு அது எட்டிலிருந்து பன்னிரண்டுக்குள் வரும். முப்பதை அடுக்கினால் பாதியிலேயே அலுப்புத் தட்டிவிடும்.

வார்ப்பில் ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் பசை போக, இளஞ்சூடான நீரில் பாத்திரம் கழுவும் சோப்பு கலந்து, பழைய டூத்பிரஷ்ஷால் எல்லாவற்றையும் மென்மையாகத் தேயுங்கள். போர்டு கேம் பெட்டிகளில் வரும் மென்மையான பிளாஸ்டிக் ஈட்டிகள் வளைந்திருந்தால், வெந்நீரில் சில நொடிகள் முக்கி, நிமிர்த்திப் பிடித்து, உடனே குளிர்ந்த நீரில் விடுங்கள். அச்சுக் கோடுகளைக் கத்தியின் முதுகால் சுரண்டுங்கள். பிறகு ஒவ்வோர் உருவத்தையும் பசைக் களிமண்ணால் பாட்டில் மூடி ஒன்றில் ஒட்டிக்கொண்டால் விரல் படாமல் திருப்பித் தீட்டலாம்.

பிரைமரில், அதாவது அடிப்பூச்சில், மட்டும் அவசரப்படாதீர்கள். கருப்பு ஸ்பிரேயை உருவம் முழுக்க அடித்துக் காயவிட்டு, வெள்ளையை மேலிருந்து சாய்வாக மட்டும் அடியுங்கள். வெளிச்சம் விழும் தோளும் தலையும் வெளுத்து, மடிப்புகள் இருண்டே நிற்கும். நிழலும் வெளிச்சமும் இப்படி முன்கூட்டியே அமைந்துவிடுவதால் பின்னால் பாதி உழைப்பு மிச்சம். டப்பாவை நன்றாகக் குலுக்கி, 20 முதல் 30 செ.மீ. தள்ளிப் பிடித்து, சிறு சிறு வீச்சாக அடிக்க வேண்டும். சென்னை போன்ற கடலோர ஊர்களில் மழைநாளில் ஸ்பிரே வேண்டாம். காற்றின் ஈரத்தால் பரப்பு சொரசொரப்பாகிவிடும். மென்மையான பிளாஸ்டிக்கில் சில ஸ்பிரேக்கள் காயாமல் பிசுபிசுத்தே நிற்பதும் உண்டு. உருவம் நிற்கும் அடித்தட்டான பேஸின் அடியில் சிறிது அடித்துச் சோதித்துவிட்டு முடிவுசெய்யுங்கள்.

இனி நிறம். உலோகத்தை டிரை பிரஷ் முறையில் (வண்ணத்தைப் பெரும்பாலும் துடைத்துவிட்ட பிரஷ்ஷால் மேடுகளில் மட்டும் தேய்ப்பது) செய்வதானால் அதையே முதலில் முடியுங்கள், ஏனென்றால் அது அக்கம்பக்கமெல்லாம் தெறிக்கும். பிறகு உடலின் தோல், அடுத்துத் துணி, கடைசியில் வார், பொத்தான் போன்றவை. உள்ளிருந்து வெளியே வந்தால், கோடு தாண்டியதை அடுத்த நிறம் மறைத்துவிடும். 000 எண் பிரஷ் துல்லியம் தரும் என்று வாங்குகிறார்கள். ஆனால் அதன் நுனியில் நிற்கும் துளி வண்ணம் தொடுவதற்குள் காய்ந்துவிடும். நல்ல கூர்நுனியுள்ள 1 அல்லது 2 எண் பிரஷ்ஷே கண்ணைக்கூடத் தீட்டும்.

துணி, ரோமம், எலும்பு ஆகியவற்றுக்கு, கேம்ஸ் வொர்க்‌ஷாப் 2019-இல் கொண்டுவந்த சிட்டடெல் கான்ட்ராஸ்ட் வகை வண்ணங்களைத் தயங்காமல் பயன்படுத்துங்கள். மேட்டில் மெலிதாகவும் பள்ளத்தில் அடர்த்தியாகவும் தானே தங்கி, ஒரே பூச்சில் நிழலையும் கொடுக்கும். ஓநாய்களை இதில் சில நிமிடங்களில் முடிக்கலாம். அகலமான தட்டைப் பரப்பில் மட்டும் திட்டுத்திட்டாக நிற்கும். கேடயத்துக்குச் சாதாரண அக்ரிலிக்கை நீர் கலந்து இரண்டு மெல்லிய பூச்சாகக் கொடுப்பதே மேல்.

சாதாரண வண்ணம் வைத்த இடங்களுக்கும் உலோகத்துக்கும் மொத்தமாகப் பழுப்பு வாஷ் (பள்ளங்களில் தங்கி நிழல் தரும் நீர்த்த வண்ணம்) ஓட்டுங்கள். கோப்ளினின் விரலிடுக்கு, சங்கிலிக் கவசத்தின் கண்ணிகள் எல்லாம் அப்போதுதான் துலங்கும். பள்ளத்துக்கு வெளியே குளமாகத் தேங்கினால், ஈரப் பிரஷ்ஷால் உடனே உறிஞ்சி எடுங்கள். பாதி காய்ந்ததைத் தொட்டால் கறை விழும், அரைமணி நேரம் விட்டுவிடுங்கள்.

மிச்சம் பிடித்த நேரத்தை முகத்தில் செலவிடுங்கள். ஆட்ட மேசையில் கண் முதலில் போவது அங்கேதான். மூக்கு, கன்னம், வாளின் விளிம்பு ஆகிய இடங்களில் அடிநிறத்தைவிட வெளிறிய ஒரு கோடு போதும். எலும்புக்கூட்டுக்கு அதுவும் வேண்டாம். மந்திரவாதிக்கும் ஓகருக்கும் மட்டும் தனியாக ஒரு மாலை ஒதுக்குங்கள், அவர்கள் அதற்குத் தகுதியானவர்கள்.

பேஸை எல்லா உருவத்துக்கும் ஒன்றுபோலச் செய்வது கட்டாயம். ஃபெவிகால் தடவி, சலித்துக் கழுவிக் காயவைத்த மணலில் அழுத்தி, மறுநாள் அடர்பழுப்பு பூசி, மேலே வெளிர்மஞ்சள் டிரை பிரஷ், விளிம்புக்குக் கருப்பு. ஓநாயும் மந்திரவாதியும் ஒரே மண்ணில் நிற்பவர்களாகிவிடுவார்கள்.

வெயில் உள்ள நாளாகப் பார்த்து மேட் வார்னிஷை இரண்டு மெல்லிய பூச்சாக அடியுங்கள். ஈரநாளில் அடித்தால் வெண்படலம் படிந்து அத்தனை உழைப்பும் மங்கும். ஒருநாள் முழுக்கக் காயவிட்ட பிறகே ஆட்டத்துக்கு எடுங்கள். நிறங்களை எழுதிய தாளைத் தூக்கிப் போடாதீர்கள். அடுத்த மாதம் இன்னும் மூன்று கோப்ளின் வந்து சேரும்போது, எந்தப் பச்சை என்று அதுதான் சொல்லும்.